ஒற்றைக்கண் நரிமேட்டுக் கல்

அத்தியாயம் 4

மொராக்கோ நாட்டின் எர்ஃபூத் ஊரில் பொய் சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் போன ரமலானுக்கு முன்பே காலமாகிவிட்டார். மிச்சமிருப்பவர் என் முதலாளியம்மா இத்தோ, மரியாதைக்கு லல்லா இத்தோ.

என் பெயர் யிதிர். கார் டிங்கர் பேஸ்டைக் குழைத்து, நாற்பது கோடி வருடத்துக்கு முன் கல்லாகிப்போன கடல்பூச்சிகளைச் செய்து சுற்றுலாக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தவன். ஒரு பூச்சி செய்ய இரண்டரை மணி நேரம் ஆகும். ஒருநாள் லல்லா இத்தோ என் சரக்கில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "தம்பி, இது செத்து நாற்பது கோடி வருஷம் ஆச்சுங்கறே. பெயிண்ட் வாசனை இன்னும் போகலையே?" என்றார். மறுநாள் காலையில் அவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். திருடனைப் பிடிக்கத் திருடன் வேண்டும் என்பது அவர் கொள்கை. மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும் என்பது என் கொள்கை.

லல்லா இத்தோ இருபத்திரண்டு வருடம் காசாபிளாங்காவில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கற்களைக் கண்ணாடி போல மெலிதாகச் சீவிக் கொடுத்தவர். பேராசிரியர்கள் அந்தச் சீவலைப் பார்த்துப் பட்டம் வாங்கினார்கள். இவர் சீவும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பட்டம் வாங்காமல் ஊர் திரும்பினார். இப்போது கடை வாசலில் 'கல் பார்க்கப்படும்' என்று பலகை. வானத்திலிருந்து விழுந்த கல்லா, கொல்லன் உலையிலிருந்து விழுந்ததா என்று சொல்வார். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

அன்று காலை எங்கள் கடையில் உட்கார்ந்திருந்தவன் பாஸு. பதினோரு வருடமாக மோட்டார் சைக்கிளில் பாலைவனம் சுற்றி விண்கல் தேடுகிறவன். தேடுவதில் எப்படியோ, புளுகுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் முன்னால் மேசையில் ஒரு கறுப்புக் கல்லும் ஒரு காகிதமும் கிடந்தன. கதை இதுதான்.

வசந்த காலத்தில் பாஸுவுக்கு ஒரு கல் கிடைத்தது. இரண்டு கை முஷ்டி சேர்ந்த அளவு. வெளியே கறுப்பு, உடைத்த மூலையில் கரும்பச்சை. பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஹாஜி மீமூனிடம் கொடுத்தான். எங்கள் ஊரில் எவன் கல்லும் ஒரு தரகர் வழியாகத்தான் ஆய்வகம் போகும். ஆய்வகத்துக்காரர்கள் இருபது கிராம் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். கல்லைக் கொடுத்ததற்கு ரசீது கேட்கும் வழக்கம் இல்லை. இரண்டு முறை மெக்கா போய் வந்த மனிதரிடம் ரசீது கேட்டால் அவரை அவமதித்த மாதிரி ஆகிவிடும். இரண்டு மாதம் கழித்து ஹாஜி இந்தக் கறுப்புக் கல்லையும் காகிதத்தையும் கொடுத்து, "பாவம்டா பாஸு, வெறும் பூமிக்கல்லுதான்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

போன வாரம் ஹாஜியின் கடைக் கண்ணாடிக்குள் ஒரு கல் ஏறியது. இரண்டு முஷ்டி அளவு. கரும்பச்சை. ஆங்க்ரைட் என்ற மிக அபூர்வ இனம் என்று சான்றிதழ். உலகம் முழுக்க வலைபோட்டுத் தேடினாலும் சில டஜன்தான் தேறும். அதை வாங்கிப் போக இன்றைக்குத் தலைநகர் ரபாத்திலிருந்து அருங்காட்சியகப் பெண்மணி வருகிறார்.

"லல்லா, எங்க கிணறு வத்திப்போச்சு," என்றான் பாஸு. "இன்னும் பத்து ஆள் ஆழம் தோண்டணும். பெருநாளுக்குள்ள தோண்டலேன்னா ஆட்டையெல்லாம் வித்துட்டு ஊர் ஓரத்துல வந்து குடிசை போடணும். என் பெண்டாட்டி துதா வரமாட்டேங்கறா. அந்தக் கல்லை விட்டா எனக்கு வேற வழியில்ல."

அவன் பொய் பேசும்போது கை ஆட்டுவான். இப்போது கை மடியிலேயே கிடந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது.

லல்லா இத்தோ கறுப்புக் கல்லைத் தொடவே இல்லை. "இது வார்ப்படக் கசடு. உள்ள இட்லியாட்டம் ஓட்டை இருக்கும்" என்று சொல்லிவிட்டார். இட்லி என்று நான் தமிழில் சொல்கிறேன். அவர் சொன்னது எங்கள் ஊர் பக்ரீர் ரொட்டியை. பிறகு காகிதத்தை எடுத்தார். "ஆனா காகிதம் சுவாரஸ்யமா இருக்கு. யிதிர், படி."

"ஆக்சிஜன் விலகல், சைபர் புள்ளி சைபர். பூமியைச் சேர்ந்தது."

"ஆக்சிஜன்ல மூணு எடை உண்டு," என்றார் லல்லா. "பூமியில பொறந்தது எதுவானாலும், மலையோ, பானையோ, இந்த யிதிரோட மண்டையோ, மூணோட விகிதமும் ஒரே கோட்டுல நிக்கும். வேற இடத்துல பொறந்தது கோட்டைவிட்டு விலகி நிக்கும். எவ்வளவு விலகல்னு புள்ளிக்கு அப்புறம் ரெண்டு மூணு இலக்கம் அளக்கத்தான் அந்த மெஷின். அவ்வளவு பெரிய மெஷின் சைபர் புள்ளி சைபர்னு எழுதுமா?"

"அப்ப எழுதினது யாரு?"

"பாஸு அன்னிக்கு உடைச்ச மூலையிலேருந்து ஒரு சில்லை மூக்குப்பொடி டப்பாவுல வச்சிருந்தான். அதுல பாதியைப் போன வாரமே காசாபிளாங்கா ஆய்வகத்துல இருக்கிற என் பழைய சிநேகிதிக்கு அனுப்பியிருந்தேன். காலையில பதில் வந்துடுச்சு." லல்லா கைபேசியை நீட்டினார். "பூமிக்கோட்டுக்குக் கீழே பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு. சுண்ணாம்புச் சத்து நிறைய சேர்ந்த ஆலிவின், ஊதாச் சாயல் பைராக்சீன். ஆங்க்ரைட்டேதான். கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிக்கிற இனம். ஹாஜி அந்த மயிரிழையைச் சிரைச்சுட்டார்."

"நல்ல நாவிதர்," என்றேன். "அப்ப கிளம்புங்க, போய்க் கல்லை வாங்கிட்டு வந்துடலாம்."

"அவசரப்படாதே. ஹாஜி என்ன சொல்வார்? 'ஆமா, ரெண்டும் ஒரே இனம். வானத்துல வெடிச்சு ரெண்டு துண்டா விழுந்திருக்கு. ஒண்ணு பாஸுவுக்கு, ஒண்ணு எனக்கு'ன்னு சொல்வார். ஒரே தடவை விழுந்த துண்டுங்க கொஞ்ச தூரத்துக்குள்ளதான் கிடக்கும். அதனால இடம்தான் வழக்கு." அவர் பாஸு பக்கம் திரும்பினார். "எங்க எடுத்தே?"

பாஸுவின் கண் கூரைக்குப் போனது. கை ஆட ஆரம்பித்தது. "ஸகோராவுக்குத் தெற்கால..."

"போன வாரம் என்கிட்ட தாதா ஊர் பக்கம்னியே?" என்றேன்.

எங்கள் ஊர்க் கல் தேடிகளிடம் மனைவிக்கு எத்தனை வயது என்று கேட்கலாம், இடம் கேட்கக்கூடாது. உண்மையான இடத்தைச் சொன்னால் மறுநாள் அங்கே இருநூறு மோட்டார் சைக்கிள் நிற்கும். அதனால் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். விஞ்ஞானிகளும் சலித்துப்போய், இந்தப் பக்கத்துக் கல்லுக்கெல்லாம் 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்று போட்டு, ஜெயில் கைதிக்குப் போல ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள்.

"சரி, எனக்கு உண்மை வேண்டாம்," என்றார் லல்லா. "ஹாஜிகிட்ட என்ன பொய் சொன்னே?"

பாஸு நெற்றியைச் சொறிந்தான். "ஒற்றைக்கண் நரிமேடுன்னு சொன்னேன்."

"அது எங்கடா இருக்கு?" என்றேன். "முப்பது வருஷமா நான் இந்த ஊர்ல இருக்கேன்."

"எங்கயும் இல்ல. டீ குடிச்சிட்டிருந்தேன். வாய்ல வந்தது."

லல்லா இத்தோ சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

ஹாஜி மீமூனின் கடைக்கு 'விண்ணக மாளிகை' என்று பெயர். கூரை தகரம்தான். வாசலில் பத்துப் பன்னிரண்டு கல் தேடிகள் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நின்றார்கள். ரபாத்துக்காரி வந்திருக்கிறாள் என்ற செய்தி போனதும் வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள். உள்ளே ஹாஜி தூய வெள்ளை ஜெல்லபா அங்கியில் உயரத் தூக்கிப் புதினாத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே கண்ணாடி போட்ட, கறாரான முகம் கொண்ட பெண்மணி. பெயர் நுஸ்ஹா. அவருடைய மாணவப் பருவத்தில் அவருக்குக் கல் சீவிக் கொடுத்ததே லல்லா இத்தோதான். இருவரும் கட்டிக்கொண்டு நாலு முறை முத்தமிட்டதைப் பார்த்ததும் ஹாஜியின் தேநீர் கோப்பைக்கு வெளியே விழுந்தது.

"வாங்க லல்லா, வாங்க. டேய் யிதிர், உனக்கும் டீ உண்டு, கல்லைத் தொடாதே. பாஸு, நீயுமா?"

"கல்லைப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்களாம், சொல்லுங்க ஹாஜி," என்றார் லல்லா இத்தோ. "நாங்களும் கேட்டுக்கறோம்."

ஹாஜிக்குக் கூட்டம் என்றால் உற்சாகம். கல்லைப் பதிவு செய்யத் தான் எழுதிக் கொடுத்து, நுஸ்ஹாவின் கையிலிருந்த விண்ணப்பத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். "நாற்பத்தஞ்சு டிகிரி வெயில். நானும் என் ஆளுங்க ரெண்டு பேரும். ஒற்றைக்கண் நரிமேடு. பிஸ்மில்லான்னு ஒரு அடி எடுத்து வச்சேன். பாதி மண்ணுல புதைஞ்சு, பாதி வெளிய தெரியுது."

பாஸு துள்ளினான். நான் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அப்படிப் பேர் வரக் காரணம் என்ன ஹாஜி?" என்று கேட்டேன்.

"அங்க ஒரு நரி இருக்குடா. ஒத்தைக் கண்ணு."

"எந்தக் கண்ணு?"

"இடது," என்றார் ஹாஜி. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அந்தக் கலைத்திறனுக்கு என் தொப்பியைக் கழற்றினேன். என் கடல்பூச்சிகள் இவர் நரிக்குக் கிட்ட நிற்கமுடியாது.

இந்த இடத்தில் பொறி மூடவேண்டும். மூடியது. ஆனால் எலி வெளியே நின்றது.

"அப்படி ஒரு மேடே கிடையாது!" என்று பாஸு கத்தினான். "அது நான் இவர்கிட்ட சொன்ன பொய்! கல்லைத் திருடினவர் என் பொய்யையும் சேர்த்துத் திருடிட்டார்!"

ஹாஜி கோபப்படவில்லை. கனிவாகச் சிரித்தார். "கேட்டீங்களா அம்மா? தான் பொய்யன்னு அவனே சொல்றான். பொய்யன் சொல்ற எதை நம்பறது? இந்தப் பொய்யைப் பொய்னு சொல்றதே பொய்யா இருந்தா?" பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பிங்களா, ஒற்றைக்கண் நரிமேடு தெரியுமா?"

எங்கள் ஊரில் ஒரு கல் தேடி, இன்னொரு கல் தேடியின் முன்னால், எனக்கு அந்த இடம் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

"தெரியாம என்ன?" என்றான் ஒருவன்.

"நான் மே மாசம் ரெண்டு தடவை போனேன்," என்றான் அடுத்தவன்.

"அந்த நரி என் செருப்பைத் தூக்கிட்டுப் போச்சு," என்றான் மூன்றாமவன்.

பாஸு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் இல்லாத ஊருக்கு ஏழு சாட்சிகள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். பாஸு அளவுக்கு மீறிப் பொருந்தச் சொல்லிவிட்டான்.

லல்லா இத்தோ மூக்குப்பொடி டப்பாவில் மிச்சமிருந்த சில்லையும் கைபேசியில் வந்த பதிலையும் நுஸ்ஹாவிடம் காட்டினார். நுஸ்ஹா படித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இத்தோ, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. சில்லும் கல்லும் ஒரே இனம்னு ஒத்துக்கறேன். சில்லைக் கல்லோட பொருத்திப் பார்த்துடலாமா?"

"முடியாது," என்றார் லல்லா, கண்ணாடிக்குள் பார்த்தபடி. "பாஸு உடைச்ச மூலையைத்தான் ஹாஜி ஆய்வகத்துல இருபது கிராமுக்கு அறுக்கச் சொல்லியிருக்கார். புத்திசாலி."

"பாராட்டுக்கு நன்றி," என்றார் ஹாஜி.

"அப்ப எனக்கு இடம் வேணும்," என்றார் நுஸ்ஹா. "ஹாஜி ஒரு இடம் சொல்றார், சாட்சி இருக்கு. பாஸு இடமே சொல்லலை. மூணு மணிக்கு எனக்கு வண்டி."

லல்லா இத்தோ கல்லை வெளியே எடுக்கச் சொன்னார். கையில் வைத்து மெதுவாகத் திருப்பினார். இடுப்புப் பகுதியில் சுற்றிலும் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், வழவழவென்று. சான்றிதழோடு ஹாஜியின் ஆலோசகர் எழுதிய குறிப்பில் அதற்கும் விளக்கம் இருந்தது: 'காற்றைக் கிழித்து வந்த வேகத்தில் ஏற்பட்ட, இதுவரை எங்கும் காணாத அற்புதப் பள்ளம்.'

லல்லா நகத்தால் கல்லைச் சுரண்டினார். வெள்ளையாக ஒரு செதில் உதிர்ந்தது. கல்லைக் கவிழ்த்து அடியில் சுரண்டினார். அங்கும் வெள்ளை. பள்ளத்துக்குப் பக்கத்தில் சுரண்டினார். அங்கும்.

"ஹாஜி, உங்க கெட்டிலைக் கொஞ்சம் கொடுங்க."

"டீ வேணும்னா நான் ஊத்தறேனே."

"டீ இருக்கட்டும். கெட்டில்."

தண்ணீர் கொதிக்கிற கெட்டிலின் மூடியைத் திறந்து நுஸ்ஹாவிடம் நீட்டினார். உள்ளே சுற்றிலும் வெள்ளைப் படிவு. எங்கள் ஊர்த் தண்ணீரைத் தெரிந்தவர்களுக்கு அது புதிதில்லை. அவ்வளவு சுண்ணாம்பு.

"இது என்ன?"

"சுண்ணாம்புப் படிவு," என்றார் நுஸ்ஹா. "தண்ணியில..." பாதியில் நிறுத்தினார். அவர் கண்ணாடி கல்லுக்குத் திரும்பியது.

"பாதி புதைஞ்சு கிடந்த கல்லுக்குச் சுண்ணாம்பு எங்க ஏறும்?" என்றார் லல்லா. "அடியில மட்டும். மேல் பக்கத்தைக் காத்து தேய்ச்சு பளபளன்னு வச்சிருக்கும். இதுக்கு மேல, கீழ, இடுப்பு, எல்லா இடத்துலயும் சுண்ணாம்பு. இது மண்ணுல கிடந்த கல்லே இல்ல. வருஷக்கணக்கா தண்ணிக்குள்ள போய்ப் போய் வந்த கல்லு. ஹாஜி, வானத்துலேருந்து வந்த கல்லுக்கு இடுப்புக் கயிறு கட்டினது யாரு? உங்க நரியா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். ஹாஜி சிரிக்கவில்லை.

லல்லா இத்தோ பாஸுவிடம் வந்து எதிரே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் சொன்னா ஊகம். நீ சொன்னாத்தான் சாட்சி. எங்க இருந்துச்சுடா?"

பாஸு வாசலைப் பார்த்தான். பதினோரு வருடமாக அவனோடு போட்டி போட்டவர்கள், அவனிடம் தோற்றவர்கள், அவனைப் பெரிய தேடி என்று நம்பியவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் முகம் சிவந்தது. வாயைத் திறந்து, "ஸகோராவுக்குத்..." என்று ஆரம்பித்தான். கை பாதி எழும்பியது. பிறகு தானாகவே இறங்கியது. அவனைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய்யை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் விட்டவன்தான்.

"எங்க வாளியில," என்றான்.

"உரக்கச் சொல்லு."

"எங்க கிணத்து வாளியில! வாளி சாய்ஞ்சு தண்ணியில முங்கறதுக்காகக் கட்டியிருந்த கல்லு. கிணறு வத்தினதும் வாளி வெளிய கிடந்துச்சு. அப்பத்தான் பார்த்தேன். போதுமா?"

வாசலில் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. ஒருவன் மோட்டார் சைக்கிளிலிருந்தே விழுந்துவிட்டான்.

"கதை!" என்று ஹாஜி கத்தினார். "பள்ளத்தைப் பார்த்ததும் புதுசா ஒரு கதை கட்டறான்!"

"சரியான சந்தேகம்," என்றார் லல்லா. "அதனால கல்லைக் கட்டினவங்களையே கேட்டுடலாம். கயிறு கட்டினது யாரு பாஸு?"

"துதா."

"போன் போடு. ஸ்பீக்கர்ல. நீ வாயைத் திறக்காதே."

நாலு முறை மணி அடித்தபின் துதா எடுத்தாள். பின்னால் ஆடுகள் கத்தின. "என்ன, மறுபடியும் வழியில பெட்ரோல் தீந்துடுச்சா?"

"துதா, நான் இத்தோ பேசறேன். நல்லாயிருக்கியா? பசங்க, ஆடுங்க எல்லாம் சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ், லல்லா. அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. வாளியில ஒரு கல்லு கட்டியிருந்தியே, அதை எப்படிக் கட்டியிருந்தே?"

"இதைக் கேக்கவா போன்?" துதா அலுத்துக்கொண்டாள். "ஆட்டு முடிக் கயிறு. இடுப்புல மூணு சுத்து. அப்புறம் தலைக்கு மேல குறுக்கால ஒண்ணு, இல்லேன்னா வழுக்கும். முடிச்சுக்கு அந்தக் கல்லுலயே சின்னக் குழி ஒண்ணு இருக்கு, அதுல உக்கார வைப்பேன். கயிறு தேயுதுன்னு முடிச்சுக்கு அடியில என் பழைய சிவப்புத் தலைத்துணியிலேருந்து ஒரு துண்டு கிழிச்சு வச்சேன். ஏன் லல்லா?"

நுஸ்ஹா பூதக்கண்ணாடியை எடுத்தார். கல்லைத் திருப்பினார். உச்சியின் குறுக்கே மெலிதாக இன்னொரு தடம் இருந்தது. அது இறங்கிய இடத்தில் விரல்நுனி அளவு குழி. ஒரு குச்சியால் குழியிலிருந்த வெள்ளைப் படிவைக் கீறினார். சுண்ணாம்புக்கு அடியில் மூன்று நூலிழைகள் ஒட்டியிருந்தன. சிவப்பு.

"இது காத்துல வந்த அற்புதப் பள்ளம் இல்ல," என்றார் நுஸ்ஹா. ஹாஜியின் விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தார். "ஹாஜி, இருபது கிராம் அறுத்த ஆய்வகத்துக்கு நானே எழுதறேன். அந்தச் சைபர் புள்ளி சைபர் காகிதம் யார் அடிச்சதுன்னு அவங்களும் தெரிஞ்சுக்க ஆசைப்படுவாங்க."

ஹாஜி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் நாற்காலி அல்ல, தேநீர்த் தட்டு. வெள்ளை ஜெல்லபாவின் பின்பக்கம் புதினாப் பச்சையாகியது. "இடது கண்ணா, வலது கண்ணா ஹாஜி?" என்று கேட்க வாய் துறுதுறுத்தது. லல்லா முறைத்ததால் விட்டுவிட்டேன்.

நுஸ்ஹா புதுத்தாள் எடுத்தார். "இடம், இந்தம்மா கிணறு இருக்கிற ஊர். எண் வேண்டாம், அந்தக் கிணத்துப் பேரையே கல்லுக்கு வைக்கச் சொல்லிச் சிபாரிசு பண்றேன். கல் அருங்காட்சியகத்துக்கு வந்தா, கிணறு தோண்ட மெஷின் பெருநாளுக்கு முன்னாடி உங்க வாசல்ல நிக்கும்." பேனாவை நிமிர்த்தினார். "கண்டெடுத்தவர் பெயர்?"

பாஸு நிமிர்ந்து உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினான். அதற்குள் போனில் துதாவின் குரல் வந்தது.

"என்ன கல்லு? எந்த மெஷினு?"

லல்லா இத்தோ நிதானமாகச் சொன்னார். அந்தக் கல் யிதிர் விற்ற பூச்சி போல நாற்பது கோடி வருடம் அல்ல, நானூற்று ஐம்பத்தாறு கோடி வருடத்துக்கு முந்தையது. பூமியே சரியாக உருவாகாத காலத்தில் உறைந்தது. உலகத்தில் சில டஜன்தான் இருக்கின்றன. இதைத்தான் உன் புருஷனும் இந்த ஊர் ஆண்களும் பாலைவனம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுமுனையில் துதா ஆடுகளை அதட்டி அடக்கினாள்.

"ஓடையோரமா நான் பொறுக்கிட்டு வந்த கல்லு அது," என்றாள் துதா. "எங்களுக்குக் கல்யாணமான வருஷம். பதினோரு வருஷம் ஆச்சு. அன்னிலேருந்து தினமும் வாளியிலதான் தொங்குது."

வாசலில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன் எழுந்து நின்றான்.

"அந்த மனுஷன் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாளி தண்ணி இறைச்சிருந்தா, அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பார்."

நுஸ்ஹா பாஸுவைப் பார்த்தார். பாஸு தாளைப் பார்த்தான்.

"துதா," என்றான் பாஸு. "துதான்னு எழுதுங்க."